ரிங்ஸ் மட்டும் வைத்து முதுகை வலுவாக்க முடியுமா?

கேட்டவர் கோயம்புத்தூரில் கணினி முன் உட்கார்ந்து வேலை பார்ப்பவர். வயது 34, எடை 72 கிலோ. தினமும் 30 தண்டால் எடுக்கிறார், ஆனால் கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் புல்-அப் ஒன்றுகூட வரவில்லை. மேல்முதுகு எப்போதும் இறுக்கமாக இருக்கிறது, தோள் முன்னால் வளைந்து கிடக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். ஜிம்முக்குப் போக நேரம் அமையவில்லை என்று மர ரிங்ஸ் ஒரு ஜோடி, அதாவது பட்டையில் தொங்கவிட்டுக் கையால் பிடிக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் வளையங்கள், வாங்கியிருக்கிறார். இதை வைத்து முதுகு முழுவதற்கும் பயிற்சி செய்துவிட முடியுமா, டிஆர்எக்ஸ் மாதிரி, மேலே மாட்டிப் பிடித்து இழுக்கும் ஸ்ட்ராப் வாங்கியிருக்க வேண்டுமா, எங்கே மாட்டுவது, எதிலிருந்து தொடங்குவது, 63 வயது அப்பாவும் இதைப் பயன்படுத்தலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

மேல்முதுகுக்கும் நடுமுதுகுக்கும் ரிங்ஸ் தாராளமாகப் போதும். கீழ்முதுகுக்கு மட்டும் போதாது, அதற்கு என்ன செய்யலாம் என்று பின்னால் சொல்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: புல்-அப்பை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். ரிங்ஸ் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் முதல் நாளே அதில் தொங்கி, முகத்தைச் சுளித்து, காலை உதறி அரைகுறையாக ஒரு புல்-அப் எடுக்கப் பார்க்கிறார்கள். ஒரு வாரத்தில் முழங்கை வலிக்கும், ரிங்ஸ் பரண்மேல் போய்விடும். உங்களுக்கு வேண்டியது ரோ. கால் தரையில் ஊன்றியிருக்க, உடலை நேராக வைத்துப் பின்னால் சாய்ந்து, ரிங்ஸைப் பிடித்து மார்பை அதை நோக்கிக் கொண்டுவருவது. பார்க்க எளிதாகத் தெரியும். ஒழுங்காகச் செய்தால் வருஷக்கணக்கில் உங்களுக்கு வேலை வைத்திருக்கும் பயிற்சி இது.

நம் ஊரில் காலங்காலமாகத் தண்டாலும் பஸ்கியும் இருக்கின்றன. தரை ஒன்று இருந்தால் தள்ளுகிற பயிற்சியெல்லாம் செய்துவிடலாம். இழுக்கிற பயிற்சிக்குத் தரை உதவாது, பிடித்துத் தொங்க ஏதாவது வேண்டும். கிணற்றில் தண்ணீர் இறைத்த தலைமுறைக்கு அந்த வேலை கயிற்றிலேயே தினமும் கிடைத்தது. மோட்டார் வந்தபின் ஒரு நாள் முழுக்க நாம் எதையுமே கனமாக இழுப்பதில்லை. கயிற்று மல்லர் கம்பம் ஏறும் பிள்ளைகளின் முதுகை ஒருமுறை பாருங்கள். இழுத்துப் பழகிய முதுகு எப்படி இருக்கும் என்று தெரியும். நீங்கள் தினமும் 30 தண்டால் எடுத்து, இழுப்பது ஒன்றுமே இல்லாமல் இருந்தால், மார்பும் முன்தோளும் வலுவாகிக்கொண்டே போகும், பின்பக்கம் இருந்த இடத்திலேயே நிற்கும். தண்டாலை நிறுத்தச் சொல்லவில்லை. தள்ளுகிற அளவுக்காவது இழுக்க வேண்டும்.

முதுகில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் பயிற்சி பாதி புரிந்துவிடும். ஜிம்மில் 'விங்ஸ்' என்று சொல்வது லாட்டிசிமஸ் டார்சை தசையை. இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்தும் கீழ்ப்பாதி முதுகெலும்புகளிலிருந்தும் கிளம்பி, அக்குளுக்கு அடியில் சுற்றிக்கொண்டு போய், மேற்கை எலும்பின் முன்பக்கத்தில் ஒட்டும் பெரிய தசை. கையை மேலிருந்து கீழேயும் முன்னாலிருந்து பின்னாலும் கொண்டுவருவது இதுதான். அதற்கு மேலே டிரபீசியஸ். மண்டையோட்டின் அடியில் தொடங்கி நடுமுதுகைத் தாண்டிக் கீழே வரை விரிந்திருக்கும். இதன் மேல்பகுதி தோளைத் தூக்கும், நடுப்பகுதி தோள்பட்டை எலும்பை முதுகெலும்பை நோக்கிப் பின்னால் இழுக்கும், கீழ்ப்பகுதி அதைக் கீழே இறக்கிப் பிடிக்கும். நடுப்பகுதிக்கு அடியில் ரோம்பாய்ட் என்ற சின்னத் தசைகள் அதே பின்னிழுக்கும் வேலையில் கூட இருக்கும். நாள் முழுக்க கீபோர்டில் கையை நீட்டி உட்கார்ந்திருப்பவருக்கு மேல்பகுதி ஓயாமல் இறுகியே இருக்கும். நடுவும் கீழும் அன்றைக்குப் பெரிதாக எந்த வேலையும் பார்த்திருக்காது. கழுத்துப் பக்கம் மட்டும் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆகவே முதுகுப் பயிற்சி என்றால் முதலில் தோள்பட்டை எலும்பு நகர வேண்டும். கை அதன் பின்னால் வர வேண்டும். இது பிடிபடாதவரை எத்தனை ரோ எடுத்தாலும் மேற்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸ்தான் களைக்கும்.

ரிங்ஸா, ஸ்ட்ராப்பா? டிஆர்எக்ஸ் வந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்கக் கடற்படையின் சீல் படைப்பிரிவில் இருந்த ராண்டி ஹெட்ரிக், 1997-இல் பணியிடத்தில் பயிற்சி செய்ய எதுவும் இல்லாததால், ஜியு-ஜிட்சு என்ற தற்காப்புக்கலையின் பெல்ட் ஒன்றையும் பாராசூட் பட்டையையும் சேர்த்து உருவாக்கியதிலிருந்து வந்தது அது. ரிங்ஸ் அதைவிட வெகு பழசு. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே ரிங்ஸ் போட்டி உண்டு. ஜிம்னாஸ்டிக்ஸ் ரிங்கின் உள்விட்டம் 18 சென்டிமீட்டர், பிடியின் தடிமன் 28 மில்லிமீட்டர். கடையில் 32 மில்லிமீட்டர் தடிமனிலும் கிடைக்கும், உள்ளங்கை சிறியவர்கள் 28 எடுப்பது நல்லது.

முதுகுக்கு என்று கேட்டால் நான் ரிங்ஸ் பக்கம். டிஆர்எக்ஸ் வகை ஸ்ட்ராப் மேலே ஒரே இடத்தில் மாட்டுவது. சாய்ந்து செய்கிற பயிற்சி எல்லாவற்றுக்கும் அது வசதி, பிடியும் மெத்தென்று இருக்கும், காலை உள்ளே நுழைக்கத் தனி வளையமும் இருக்கும். ஆனால் முழு எடையில் தொங்கும் பயிற்சிக்கு ஒற்றை மாட்டல் ஒத்துவராது. இரண்டு பட்டையும் ஒரே புள்ளிக்குப் போவதால் முகத்துக்கு முன்னால் கூடிக்கொண்டு இடிக்கும். ரிங்ஸில் இரண்டு பட்டையும் தனித்தனி. ரோவிலிருந்து, புல்-அப்பின் இன்னொரு வகையான சின்-அப் வரைக்கும், அதற்கு மேலும், அதே ஜோடி போதும். இரண்டுக்கும் பொதுவான பெரிய நன்மை, கை விரும்பியபடி திரும்ப முடிவது. கம்பியைப் பிடித்தால் மணிக்கட்டு ஒரே நிலையில் பூட்டிக்கொள்ளும். ரிங்கில் உள்ளங்கை கீழே பார்த்தபடி தொடங்கி, இழுக்க இழுக்க ஒன்றையொன்று பார்க்கும்படி தானாகத் திரும்பும். முழங்கைக்கும் தோளுக்கும் அது பெரிய நிம்மதி. மரமா பிளாஸ்டிக்கா என்ற குழப்பம் உங்களுக்கு இல்லை, மரமே வாங்கிவிட்டீர்கள். நம் வியர்வைக்கு அதுதான் சரி.

மாட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆபத்து முழுவதும் இங்கேதான். சீலிங் ஃபேன் கொக்கியில் மாட்டாதீர்கள். 'ஃபேனைத் தாங்குதே' என்று நினைக்கலாம். ஃபேன் சில கிலோதான். நீங்கள் 72 கிலோ, அதுவும் அசைந்து, இழுத்து, இறங்குகிற 72 கிலோ. அப்படி ஒரு சுமைக்காக அந்தக் கொக்கியை யாரும் வைப்பதில்லை. பழைய வீடாக இருந்து கூடத்தில் ஊஞ்சல் வளையம் இருந்தால் உங்களைப்போல் கொடுத்துவைத்தவர் இல்லை. மூன்று பேர் உட்கார்ந்து ஆடுவதற்கென்றே பதித்தது அது. இரண்டு வளையத்துக்கும் இடையே தோள் அகலத்தைவிட அதிக தூரம் இருக்கும், ஒரு கனமான இரும்புக் குழாயைக் குறுக்கே கட்டி அதில் ரிங்ஸை மாட்டிக்கொள்ளலாம். துருப்பிடித்து மெலிந்திருக்கிறதா என்று மட்டும் ஏணி போட்டு ஏறிப் பாருங்கள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் கான்கிரீட் உத்தரம் இருந்தால் அதில் பட்டையைச் சுற்றி மாட்டலாம், உத்தரத்தின் கூர்முனையில் ஒரு பழைய சாக்கை மடித்து வையுங்கள், இல்லையென்றால் பட்டை அறுபடும். மரம் என்றால் வேம்பு, புளி. தொடை பருமனுள்ள பச்சைக் கிளையாக இருக்க வேண்டும். முருங்கை மட்டும் கிட்டவே போகாதீர்கள், பருமனாகத் தெரியும், சொல்லாமல் கொள்ளாமல் முறியும். மாநகராட்சிப் பூங்காக்களில் இப்போது கம்பிகள் இருக்கின்றன. காலை நேரத்தில் அது எல்லாவற்றையும்விட எளிது. கதவில் மாட்டும் ஸ்ட்ராப்பாக இருந்தால், நீங்கள் இழுக்கும்போது கதவு இன்னும் இறுக மூடிக்கொள்ளும் பக்கம் நில்லுங்கள். திறக்கும் பக்கம் நின்று இழுத்தால் தாழ்ப்பாள் ஒன்றுதான் உங்களைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

இரண்டு ரிங்கும் தோள் அகலத்தில், சுமார் 50 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கட்டும். பட்டையின் நீளம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு தடவை சரியாக அளந்து மார்க்கர் பேனாவால் இரண்டிலும் கோடு போட்டுவிட்டால் தினமும் அந்த அவஸ்தை இல்லை. ஒவ்வொரு நாளும் முதலில் காலைத் தரையில் வைத்தபடி பாதி எடையைக் கொடுத்துப் பாருங்கள், பக்கிளில் பட்டை நழுவுகிறதா என்று தெரிந்துவிடும். பயிற்சி முடிந்ததும் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். நைலான் பட்டை வெயிலில் கிடந்தால் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே வலுவிழந்துகொண்டே வரும்.

சரி, ரோ. எவ்வளவு எடையை இழுக்கிறோம் என்று முதலில் கணக்குப் போடுவோம், ஏனென்றால் ரிங்ஸின் அருமை முழுவதும் இந்தக் கணக்கில் இருக்கிறது. உடலின் எடைமையம் குதிகாலிலிருந்து உயரத்தில் ஏறக்குறைய 55 சதவீதத்தில் இருக்கிறது, தோள் 82 சதவீதத்தில். குதிகால் ஊன்றியிருக்க, பட்டை உடலுக்குச் செங்குத்தாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், உடல் தரைக்கு இணையாகப் படுத்த நிலையில் கைகளுக்கு வருவது மொத்த எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. உங்கள் 72 கிலோவுக்கு 48 கிலோ. உடல் தரையோடு 45 டிகிரியில் இருந்தால் அது 34 கிலோ ஆகும். 60 டிகிரியில், அதாவது கிட்டத்தட்ட நின்றபடி சாய்ந்தால், 24 கிலோ. புல்-அப்பில் 72 கிலோவும் கைக்கு வருகிறது. உங்களுக்கு ஏன் ஒன்றுகூட வரவில்லை என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். இன்றைக்கு 24 கிலோவில் தொடங்கி, ஒவ்வொரு சாணாகக் காலை முன்னால் நகர்த்தி 48 வரை போகலாம். எடைத் தட்டு எதுவும் வாங்க வேண்டாம். கால் இருக்கும் இடத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். உங்கள் முன்னேற்றம் அந்தக் கோட்டில் தெரியும்.

இனி ஒரே ஒரு ரோவை எடுத்துக்கொண்டு மெதுவாகப் பார்க்கலாம். ரிங்ஸை இடுப்புக்கு ஒரு சாண் மேலே வரும்படி இறக்குங்கள். பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து, கை முழுசாக நீளும்வரை போங்கள். குதிகால் ஊன்றியிருக்கட்டும், புட்டத்தை இறுக்கிக்கொள்ளுங்கள், விலா எலும்பு முன்னால் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. இப்போது கையை மடக்காமலே தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முன்னால் போக விடுங்கள்; முதுகு அகலமாவது தெரியும். அங்கிருந்து, இன்னும் முழங்கை மடங்காமல், அந்த எலும்புகளைப் பின்னுக்கும் கொஞ்சம் கீழேயும் கொண்டுவாருங்கள். உடல் இரண்டு மூன்று அங்குலம் எழும்பும். அதற்கப்புறம்தான் முழங்கை மடங்க வேண்டும். முழங்கையை உடலின் பக்கவாட்டில் 30, 40 டிகிரி விலகி இருக்கும்படி பின்னால் கொண்டுபோய், ரிங் கீழ்விலாவைத் தொடும் இடத்தில் ஒரு வினாடி நில்லுங்கள். அந்த ஒரு வினாடி நிற்க முடியவில்லை என்றால் கோணம் உங்களுக்கு அதிகம், காலைப் பின்னால் எடுங்கள். இறங்கும்போது மூன்று எண்ணி இறங்குங்கள், கடைசியில் தோள்பட்டை மறுபடி முன்னால் போகட்டும். இவ்வளவும் சேர்ந்தது ஒன்று.

தவறு எங்கே நடக்கும் என்பதும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒன்றுதான். மேலே வரும்போது தோள் காதை நோக்கி ஏறிவிடும். இதுதான் முதல் எதிரி, ஏற்கெனவே இறுகிக்கிடக்கிற மேல் டிரபீசியஸ் இந்த வேலையையும் பிடுங்கிக்கொள்கிறது என்று அர்த்தம். அடுத்து, மார்பு வராமல் தலை மட்டும் ரிங்குக்கு எட்டிப்பார்க்கும். களைத்தவுடன் இடுப்பு தொங்கும், இல்லை என்றால் இடுப்பை வெட்டித் தூக்கி அந்த வேகத்தில் மேலே வருவார்கள். மணிக்கட்டு உள்ளே மடங்கி முழங்கையின் உள்பக்கம் வலிக்கத் தொடங்கும். போனைப் பக்கவாட்டில் வைத்து ஒரு செட் (இடைவிடாமல் எடுக்கும் ஒரு சுற்று), பின்னால் வைத்து ஒரு செட் எடுத்துப் பாருங்கள். முதல் மூன்றும் கடைசி மூன்றும் ஒரே மாதிரி தெரிந்தால் நன்றாகச் செய்கிறீர்கள்.

கீழ்முதுகு வலி உள்ளவர்களுக்கு நான் ரோவைத் தயங்காமல் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று வகை ரோக்களை ஒப்பிட்டார்கள்: குனிந்து நின்று பார்பெல்லை (எடைத் தட்டு மாட்டிய கம்பியை) இழுப்பது, நின்றபடி ஒரு கையால் கேபிளை இழுப்பது, கம்பியின் கீழே படுத்த நிலையில் உடலை மேலே இழுப்பது. விங்ஸும் மேல்முதுகும் அதிகம் வேலை செய்தது கடைசி வகையில்தான். கீழ்முதுகெலும்பின்மீது விழும் சுமை குனிந்து இழுப்பதில் மிக அதிகமாக இருந்தது, உடலை இழுப்பதில் குறைவாக இருந்தது. நாள் முழுக்க உட்கார்ந்து இறுகிய கீழ்முதுகோடு சாயங்காலம் பார்பெல்லுக்குக் குனிவதைவிட இது எவ்வளவோ மேல்.

ரோ ஒன்றே பல பயிற்சியாக மாறும். முழங்கையை உடலோடு ஒட்டி வைத்து ரிங்கை இடுப்புப் பக்கம் கொண்டுவந்தால் விங்ஸ் அதிகம் உழைக்கும். முழங்கையை அகலமாக விரித்து ரிங்கை மேல்மார்புக்குக் கொண்டுவந்தால் நடு டிரபீசியஸும் பின்தோளும். தரைக்கு இணையான நிலையில் 12 எளிதாக வந்துவிட்டால் குதிகாலை ஒரு நாற்காலிமேல் வையுங்கள், நாற்காலி சுவரோடு ஒட்டி இருக்கட்டும். அப்புறம் முதுகுப்பையில் புத்தகம் அல்லது அரிசி போட்டு மார்புப்பக்கம் மாட்டிக்கொள்ளலாம். அதற்கும் மேலே ஆர்ச்சர் ரோ: ஒரு கை இழுக்க மறு கை நீண்டு பக்கவாட்டில் போகும், இழுக்கிற கைக்கு எடை கூடும். ஒற்றைக் கை ரோவில் உடல் திரும்பப் பார்க்கும், திரும்பவிடாமல் பிடிப்பதே பாதிப் பயிற்சி. அதை ரிங்கில்தான் செய்ய வேண்டும், ஒற்றை மாட்டல் ஸ்ட்ராப்பில் ஒரு பிடியை மட்டும் இழுத்தால் பல மாடல்களில் பட்டை வழுக்கி ஓடிவிடும்.

உங்கள் தோள் வளைவுக்கு ரோவோடு இன்னும் இரண்டு சேருங்கள். ஃபேஸ் புல்: கிட்டத்தட்ட நின்ற நிலையில் சாய்ந்து, முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, ரிங்கை நெற்றியின் இரு பக்கமும் கொண்டுவருவது. கடைசியில் முழங்கையைவிட முஷ்டி பின்னால் போக வேண்டும். மேற்கையை வெளிப்பக்கம் திருப்பும் சின்னத் தசைகளுக்கு அங்கேதான் வேலை. அடுத்தது ஒய், உடலும் கைகளும் சேர்ந்து ஆங்கில Y எழுத்துபோல் இருப்பதால் அந்தப் பெயர். கையை மடக்காமல் மேல்நோக்கிச் சாய்வாக விரித்து உடலைக் கொண்டுவருவது. கீழ் டிரபீசியஸை இவ்வளவு நேராகப் பிடிக்கிற பயிற்சி அதிகம் இல்லை. கை நீண்டிருப்பதால் நெம்பு நீளமாகி, கொஞ்சம் சாய்ந்தாலே மிகவும் கனக்கும். ரோவில் 45 டிகிரியில் இருப்பவர் ஒய்க்கு ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்க வேண்டியிருக்கும். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

தரைக்கு இணையான ரோ, ஒரு வினாடி நிறுத்தத்தோடு 10 வரத் தொடங்கியதும் புல்-அப் பக்கம் திரும்புங்கள். ரிங்கில் சின்-அப் எடுக்கும்போது உள்ளங்கை ஒன்றையொன்று பார்த்திருக்கட்டும். முதலில் வெறுமனே தொங்கி, கையை மடக்காமல் தோளை மட்டும் கீழே இறக்கி உடலை ஒரு அங்குலம் உயர்த்துவது. அடுத்து, ரிங்ஸைத் தாழ்வாக வைத்து, அதற்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்து, குதிகாலால் தேவையான அளவுக்கு மட்டும் தரையை அழுத்தி நேராக மேலே வருவது. கால் எவ்வளவு உதவுகிறது என்பதை நீங்களே கூட்டிக் குறைக்கலாம். ரப்பர் பேண்ட் வாங்குவதைவிட இது எனக்கு அதிகம் பிடிக்கும். மூன்றாவது, நாற்காலியில் ஏறி மேல்நிலையில் தொடங்கி ஐந்து எண்ணி இறங்குவது. இறங்குவதில் முழங்கைத் தசைநாண்களுக்குச் சுமை அதிகம், வாரத்தில் இரண்டு நாளுக்குமேல் வேண்டாம். முதல் முழு சின்-அப் எப்போது வரும் என்று நாள் குறிக்காதீர்கள். 72 கிலோவில் ரோ வலுவாக இருந்தால் வந்தே தீரும். ஃப்ரண்ட் லீவர், ஸ்கின் த கேட், மஸ்ல்-அப் என்று இணையத்தில் பார்க்கிற கடினமான ரிங்ஸ் வித்தைகளெல்லாம் அதற்கப்புறம். ஸ்கின் த கேட்டில் தோள் முழுவதும் பின்னால் திரும்பி எடை தாங்கும், நேரில் பார்த்துச் சொல்ல ஒரு மாஸ்டர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

கீழ்முதுகு. முதுகெலும்பின் இரு பக்கமும் ஓடுகிற எரெக்டர் தசைகளுக்கும், புட்டத்துக்கும், பின்தொடைக்கும் ரிங்ஸில் செய்ய முடிவது கொஞ்சம்தான். மல்லாந்து படுத்து, குதிகாலை ரிங்கில் நுழைத்து, இடுப்பைத் தூக்கி, முழங்காலை மடக்கி நீட்டுவது நல்ல பயிற்சி. பின்தொடை பிடித்துக்கொள்ளும் அளவுக்குக் கடினம். ஆனால் இடுப்பில் மடிந்து கனத்தைத் தூக்கி நிமிர்வதற்கு ரிங்ஸில் மாற்று கிடையாது. வீட்டில் 20 லிட்டர் தண்ணீர் கேன் இருக்கிறதே, அது 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். முதுகை வளைக்காமல், புட்டத்தைப் பின்னால் தள்ளி, கேனைக் காலோடு ஒட்டி வைத்துத் தூக்கி நிமிருங்கள். 10 தடவை, மூன்று செட். முதலில் பாதி கேனில் பழகுங்கள்.

வாரத்துக்கு மூன்று நாள் போதும், நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டு. முதலில் கை மடக்காத தோள்பட்டை அசைவு 10, உடல் சூடாக. அப்புறம் ரோ நான்கு செட், ஒவ்வொன்றிலும் 8 முதல் 12. செட்டுக்கு நடுவே ஒன்றரை, இரண்டு நிமிடம் ஓய்வு எடுங்கள், அவசரப்பட்டால் கடைசி இரண்டு செட் வீணாகும். ஒரு பயிற்சி நாளில் ஃபேஸ் புல், அடுத்த பயிற்சி நாளில் ஒய் என்று மாற்றி மாற்றி மூன்று செட். முடிவில் கேன். மொத்தம் 35, 40 நிமிடத்தில் முடியும். நான்கு செட்டிலும் 12 சுத்தமாக வந்த நாளன்று காலை ஒரு சாண் நகர்த்தி, மறுபடி 8-இலிருந்து தொடங்குங்கள். தண்டாலையும் இதே மூன்று நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் முதுகு வேலை முடிந்தபின். கை வியர்த்தால் ஜிம் சாக் (ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள் கையில் தடவும் வெள்ளைப் பொடி) தடவுங்கள், முகத்துக்குப் போடும் பவுடர் வழுக்கும். உள்ளங்கை காய்த்துப்போவது இயல்புதான். காய்ப்பு தடித்துத் தூக்கிக்கொண்டு நின்றால் குளித்தபின் தேய்த்துச் சமமாக்கிவிடுங்கள், இல்லையென்றால் ஒருநாள் தோலோடு பிய்யும்.

மேல்முதுகு இறுக்கத்தைப் பற்றி நான் உறுதியாகச் சொல்லக்கூடியது: வலுவான முதுகு நீண்ட நேரம் உட்காருவதை நன்றாகத் தாங்கும். தோள் வளைவு படத்தில் பார்க்கிற மாதிரி நேராகிவிடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், அது உட்காரும் விதத்தையும் எலும்பமைப்பையும் பொறுத்தது. மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்காமல் வாரத்துக்கு மூன்று நாள் ரோவை மட்டும் நம்பினால் பாதிப் பலன்தான். வலி கையிலோ காலிலோ மின்சாரம்போல் இறங்கினால், விரல் மரத்துப்போனால், பிடி நழுவினால் ரிங்ஸை விட்டுவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்பா தாராளமாகச் செய்யலாம், வேறு மாதிரியாக. கையைத் தலைக்குமேல் முழுதாகத் தூக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம், தூக்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டியபின்தான் தொடங்க வேண்டும். ரத்த அழுத்தம் இருந்தால் மாத்திரை சரியாகப் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இழுக்கும்போது மூச்சை அடக்கவே கூடாது என்று சொல்லுங்கள். வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக ஓடும். ரிங்ஸை அவர் மார்பு உயரத்துக்கு ஏற்றி, ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் வைத்து, கொஞ்சமே சாய்ந்து இழுக்கட்டும். வெறுங்காலில் ஈரமான மாடித் தரையில் வேண்டாம், பிடிப்புள்ள செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளட்டும். பின்னால் கைப்பிடி உள்ள ஒரு நாற்காலி இருக்க வேண்டும். அதே நாற்காலியை வைத்து அவருக்கு இன்னொன்றும் சொல்லிக்கொடுங்கள்: ரிங்ஸைப் பிடித்தபடி மெதுவாக உட்கார்ந்து எழுவது. முழங்கால் வலி உள்ளவர்கள்கூடக் கையின் உதவியோடு இதைச் செய்ய முடியும். இழுப்பது 10, உட்கார்ந்து எழுவது 8, இரண்டு சுற்று, வாரத்தில் இரண்டு நாள். தொடக்கத்தில் சில வாரங்கள் நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.